குலாப்பாக் விலை



இன்று வேளாண் பட்டதாரிகளாகும் உங்களுடைய பாடத்திட்டம் அதிகம் பேசாத ஓர் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பீகாரில், பூர்ணியாவை ஒட்டிய குலாப்பாக் சந்தை. நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகும் மக்காச்சோளத்தில் ஒரு பங்கு அந்தப் பக்கமிருந்துதான் ரயிலேறி வருகிறது. அங்குள்ள கோசி ஆற்றுப் படுகை உழவர்கள் அதைப் பெரும்பாலும் விற்பதற்கென்றே பயிரிடுகிறார்கள்.

2006-இல் பீகார் அரசு வேளாண் விளைபொருள் சந்தைச் சட்டத்தையே நீக்கியது. நம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் போன்ற வளாகங்கள் அங்கே கேட்பாரற்றுப் போயின. தனியார் முதலீடு வந்து குவியும் என்றார்கள். குலாப்பாக்கில் வாங்குவதற்கு வியாபாரிகள் இருந்தார்கள். களமும் கிடங்கும் கட்டித்தரத்தான் ஆள் வரவில்லை.

2020-இல் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வதந்திக்கு வேகம் அதிகம். கோழி விற்பனை படுத்தது, தீவனத் தேவையும் விழுந்தது. மக்காச்சோளத்துக்கு அப்போது ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,760 ரூபாய். அந்த விலைக்கு வாங்க அரசு முன்வராததால், கோசி உழவர்கள் அதைவிட வெகுவாகக் குறைத்து விற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசின் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. அவற்றை எதிர்த்துப் பஞ்சாப் விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தபோது, சந்தைச் சட்டம் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பீகாரைத்தான் சுட்டிக்காட்டினார்கள். 2021 நவம்பரில் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

விலை ஏறினால் மட்டும் அரசுக்குச் சந்தை ஞாபகம் வந்துவிடும். 2022-இல் உக்ரைன் போரால் கோதுமைக்கு நல்ல விலை வந்ததும், மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை. நுகர்வோரைக் காக்க என்றார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தடைக்கான விலையைக் கொடுத்தவர் உழவர்.

2023 டிசம்பரில் கரும்புச் சாற்று எத்தனாலுக்கு ஒன்றிய அரசு கட்டுப்பாடு போட்டது. எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தைத் தேடின, விலை ஏறியது. கோசி உழவருக்கு நல்ல காலம். ஆனால், வரியில்லா இறக்குமதி வேண்டும் என்று கோழிப் பண்ணையாளர்கள் கேட்டார்கள்.

உங்களில் சிலர் தீவன ஆலைகளில் கொள்முதல் பார்ப்பீர்கள். சிலர் வேளாண் அலுவலர் ஆவீர்கள். ஆலைக்காரருக்குக் குலாப்பாக் விலை காலையிலேயே கைப்பேசியில் வந்துவிடும். பெரம்பலூரில் மக்காச்சோளம் போட்டிருப்பவருக்கும் அதே காலையில் அது தெரிய வேண்டும். அந்த வேலை அலுவலர் ஆகப்போகிறவர்களுடையது.