துருவத்தில் எழுதிய குறிப்பேடுகள்



தென்துருவத்தை முதலில் அடைந்தவர் யாரென்று கேட்டால், இச்சபையிலுள்ள சிறுவரும் நோர்வே தேசத்து அமுண்ட்சன் என்று சொல்வார்கள். அவருக்கு 34 நாட்கள் பிந்தி, 1912 சனவரி 17இல் அங்கு சேர்ந்த ஸ்கொற் என்னும் ஆங்கிலேயர், திரும்பும் வழியில் தம் தோழர் நால்வருடன் மாண்டதும் பலரறிந்த கதையே. பள்ளிக்கூடத்து வாசக நூல்கள் அத்துடன் நின்றுவிடுகின்றன. அவர்கள் சேர்த்தவையும் எழுதிவைத்தவையும் என்னவாயின? அதைப்பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பெப்ரவரி 8ஆம் நாள் பியர்ட்மோர் பனிக்கட்டியாற்றின் உச்சியருகே, பக்லி மலையடியில் ஐவரும் தங்கினார்கள். எவான்ஸ் என்பவர் ஏற்கெனவே தளர்ந்துபோயிருந்தார். அந்நிலையிலும் வைத்தியர் வில்சன் பாறைகளை ஆராய்ந்து, இலைச்சுவடு பதிந்த கற்களைப் பொறுக்கினார். மொத்தம் 35 இறாத்தல்! நாயுமில்லை, குதிரையுமில்லை, வண்டியை இழுத்தவர்கள் அவர்களே. நவம்பர் 12இல் தேடிச் சென்றவர்கள் கூடாரத்தில் மூவரின் சடலங்களைக் கண்டபோது, கற்களும் உடனிருந்தன.

கற்களை எறிந்திருந்தால் பிழைத்திருப்பார்களே என்பர் சிலர். நான் அதை ஒப்பேன். வண்டியின் பாரத்தில் அது ஒரு சிறு பங்கே. பசியும், எண்ணெய்க் குறைவும், குளிருமே அவர்களைக் கொன்றன.

1914இல் கேம்பிறிட்ஜ் பேராசிரியர் சீவாட் அச்சுவடுகளை ஆராய்ந்து, அவற்றில் குளோசொப்தெரிசு என்னும் தாவரத்தை இனங்கண்டார். 25 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்தொழிந்த மரம் அது. இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதன் இலைச்சுவடுகள் முன்னமே கிடைத்திருந்தன. பெருங்கடல்களால் பிரிந்த நாடுகளில் ஒரே மரம் எவ்வாறு வளர்ந்தது? இவையெல்லாம் ஒரு காலத்தில் கொந்துவானா என்னும் ஒரே பெருநிலமாக இருந்தன என்பதற்கு, பனி மூடிய தென்கண்டமும் இவ்வாறு சாட்சியாயிற்று. நம் இலங்கையும் அப்பெருநிலத்தின் ஒரு துண்டே. கண்டங்கள் நகர்ந்தன என்ற கொள்கையை ஜேர்மன் அறிஞர் வெகெனர் வெளியிட்டதும் அதே 1912 சனவரியில் என்பது வியப்பு.

எல்லா முயற்சியும் இவ்வாறு பலிக்கவில்லை. 1911ஆம் ஆண்டு நடுக்குளிர்காலத்து இருளில் வில்சன், பவர்ஸ், செரி-கராட் ஆகிய மூவர் ஐந்து வாரம் அலைந்து, பென்குயின் பறவையின் மூன்று முட்டைகளைக் கொணர்ந்தார்கள். குளிர் ஒருநாள் பூச்சியத்துக்குக் கீழ் 77 பாகை பரனைற்று வரை இறங்கிற்று. பறவையினத்தின் பூர்வீகம் அம்முட்டைகளால் துலங்கும் என நம்பினர். 1934இல் வெளியான ஆராய்ச்சி முடிவோ ஏமாற்றமே.

காலநிலைப் பதிவுகளின் கதை வேறு. சிம்லாவில், இந்திய வானிலை இலாகாவிலிருந்து சென்ற ஜோர்ஜ் சிம்சன் முகாமில் ஒழுங்காக அளவுகள் எடுத்தார். அவருடைய அறிக்கை 1919இல் கல்கத்தாவில் அச்சாயிற்று. துருவப் பயணத்தில் அப்பணி பவர்ஸுடையது. அவ்வளவுகளைப் பிற்காலத் தன்னியக்க நிலையங்களின் அளவுகளோடு ஒப்பிட்ட சூசன் சொலமன் என்னும் அம்மையார், அவ்வாண்டு மார்ச்சு மாதம் வழக்கத்துக்கு மாறாகக் கடுங்குளிராயிருந்தது என்று 2001இல் எழுதினார். சாவுக்குக் காரணம் தேட உதவியது செத்தவர்களின் கணக்கே. கூடாரத்திலிருந்து எடுத்த அக்குறிப்பேடு மார்ச்சு 13 வரை எழுதப்பட்டிருந்தது.