மின்னல் மேல் பழி போடலாமா?



புனித யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் நாவைப் பற்றிப் பேசும்போது காட்டுத் தீயை உவமையாக எடுக்கிறார். ஒரு சிறு பொறி பெருங்காட்டையே தின்றுவிடுவதுபோல நாவும் செய்யும் என்பது அவர் கருத்து. இந்தப் பகுதி வரும்போதெல்லாம் நாங்கள் குருக்கள் நாவைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். காடு அங்கேயே எரிந்துகொண்டிருக்கிறது. இன்று காட்டைப் பற்றிப் பேசுவோம்.

2023ஆம் ஆண்டு கனடா நாட்டில் ஒன்றரைக் கோடி ஹெக்டேர் அளவுக்குக் காடு எரிந்தது. நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஒரு கோடியே முப்பது லட்சம் ஹெக்டேர்தான். இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறினார்கள். ஜூன் மாதத்தில் நியூயார்க் நகரத்து வானம் ஆரஞ்சு நிறமானது. டொரண்டோவில் வாழும் நம் தமிழ்ச் சொந்தங்கள் சன்னலைத் திறக்க அஞ்சினார்கள். புகை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி ஐரோப்பாவையும் எட்டியது.

"காடு எரிவது இயற்கைதானே சாமி? மின்னல் விழுந்தால் எரியத்தானே செய்யும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாதி பதில் 'ஆம்' என்பதே. வடபுலத்துக் காடுகள் தீயோடு பழகியவை. அங்கே ஜாக் பைன் என்றொரு மரம் இருக்கிறது. அதன் காய்களைப் பிசின் இறுக மூடியிருக்கும். தீயின் வெப்பம் பட்டால்தான் பிசின் உருகி, காய் விரிந்து, விதை மண்ணில் விழும். பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, சில இடங்களில் நூறாண்டுக்கு ஒருமுறை தீ வருவதும், சாம்பலிலிருந்து காடு எழுவதும் படைத்தவர் அந்த மண்ணுக்கு வைத்த ஒழுங்கு. கனடாவில் மின்னலால் மூளும் தீக்கள் எண்ணிக்கையில் ஏறத்தாழ பாதிதான். ஆனால் எரியும் பரப்பில் பெரும்பங்கு அவற்றுடையது. மனிதர் நடமாட்டமே இல்லாத இடங்களில் அவை விழுகின்றன.

மற்றப் பாதியைக் கேளுங்கள். மின்னல் பொறியைத்தான் கொடுக்கிறது. அந்தப் பொறி அணைந்துபோவதா, ஆயிரம் சதுர கிலோமீட்டராகப் பரவுவதா என்பதைத் தீர்மானிப்பது விறகு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதே. இதை அடுப்பெரித்த நம் தாய்மாருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கனடா உலகச் சராசரியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் சூடேறி வருகிறது. பனி முன்னதாகவே உருகுகிறது, கோடை நீள்கிறது, தரையில் கிடக்கும் சருகும் பாசியும் பொரிப்பொரியாகக் காய்கின்றன. கியூபெக் மாநிலத்தில் 2023இல் நிலவிய தீக்கு ஏற்ற வானிலை, மனிதர் உண்டாக்கிய வெப்பத்தால் குறைந்தது இரண்டு மடங்கு நேரக்கூடியதாகிவிட்டது என்று அறிவியலார் அதே ஆண்டிலேயே கணித்துச் சொன்னார்கள்.

இதில் நம் ஊர்க்காரருக்கு எளிதில் பிடிபடாத செய்தி ஒன்று உண்டு. நாம் காடு என்றால் மரத்தைப் பார்க்கிறோம். வடபுலக் காட்டின் பெருஞ்செல்வம் மரத்தில் இல்லை, காலடியில் இருக்கிறது. அந்தக் குளிரில் விழுந்த இலையும் பாசியும் மட்கிப்போவதில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாக அடுக்கடுக்காகச் சேர்ந்து, நீரில் ஊறிக் கனத்த போர்வையாகக் கிடக்கின்றன. அத்தனையும் கார்பன். அந்தப் போர்வை காய்ந்துவிட்டால் தீ மரத்தோடு நிற்பதில்லை, தரைக்குள் இறங்கிவிடுகிறது. மேலே பனி மூடினாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். 2024 சனவரியில், உறைபனிக் காலத்தில், பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் மட்டும் நூறுக்கும் மேற்பட்ட தீக்கள் அப்படி உயிரோடு இருந்தன. எரிந்த மரம் மீண்டும் வளர்ந்துவிடும். பல நூறாண்டுச் சேமிப்பு நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்குள் திரும்பாது.

2023இல் கனடாக் காடுகள் வெளியிட்ட கார்பன் ஏறத்தாழ 65 கோடி டன் என்று 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு கூறுகிறது. சீனா, அமெரிக்கா, இந்தியா இந்த மூன்றைத் தவிர, வேறெந்த நாடும் ஓராண்டு முழுதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடும் அளவைவிட இது அதிகம். வெப்பம் தீயைப் பெருக்குகிறது, தீ வெப்பத்தைப் பெருக்குகிறது. ஆனால் கனடா அரசு ஆண்டுதோறும் ஐ.நா.வுக்கு அளிக்கும் உமிழ்வுக் கணக்கின் மொத்தத்தில் இந்தப் புகை சேர்வதில்லை. 'இயற்கை இடையூறு' என்று தனியே எழுதி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். மனிதர் செய்ததை மட்டும் தனியே அளக்கவே இந்த ஏற்பாடு என்று அவர்கள் சொல்லும் காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என்றாலும் வானத்துக்கு இரண்டு கணக்குப் புத்தகம் கிடையாதே.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாவைப் படித்தபோது முதற்காரணம், இரண்டாம் காரணங்கள் என்று ஒரு பாடம் இருந்தது. பலருக்குத் தூக்கம் வரவழைத்த பாடம்! சாரம் இதுதான்: கடவுள் எல்லாவற்றுக்கும் முதற்காரணர், ஆனால் தம் படைப்புகளையும் அவர் உண்மையான காரணர்களாக இருக்கவிடுகிறார். ஆகவே தீயைக் கண்டதும் "எல்லாம் ஆண்டவன் செயல்" என்று கைகழுவுவது பக்திபோலத் தோன்றும். இறையியலில் அது தேறாது. விடுதலைப் பயண நூல், 22ஆம் அதிகாரம், ஆறாம் வசனத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். ஒருவன் மூட்டிய தீ முட்புதரில் பற்றி, அடுத்தவன் கதிரையோ வயலையோ அழித்தால், மூட்டியவன் ஈடு கொடுக்கவேண்டும் என்கிறது திருச்சட்டம். 'நான் என் நிலத்தில்தான் கொளுத்தினேன், காற்றுதான் கொண்டுபோனது' என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை.

அப்படியானால் யார் ஈடு கொடுப்பது? இங்கேதான் மனம் கனக்கிறது. ஆல்பெர்ட்டா மாநிலத்தின் வடக்கே, அத்தபாஸ்கா ஏரிக்கரையில் ஃபோர்ட் சிபெவயான் என்ற சிற்றூர். கிரீ, டெனே, மேத்தி மக்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். கோடையில் சாலை கிடையாது. 2023 மே மாத இறுதியில் தீ நெருங்கியபோது படகிலும் விமானத்திலும்தான் வெளியேறினார்கள். அந்த ஊருக்கு ஆற்றின் மேற்புறத்தில் இருப்பவை உலகின் மாபெரும் எண்ணெய் மணல் சுரங்கங்கள். சுரங்கக் கழிவு தங்கள் தண்ணீரில் கலக்கிறது என்று ஏற்கெனவே அழுதுகொண்டிருந்த மக்கள் அவர்கள்.

அந்தச் சுரங்கங்களின் நகரம் ஃபோர்ட் மக்மரி. 2016 மே மாதம் அதுவும் எரிந்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடினார்கள். எண்ணெய் தோண்டியவனுக்கு நல்ல தண்டனை என்று அன்று சிலர் ஏளனமாக எழுதினார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் இயேசு என்ன சொன்னார்? அவர்கள் மற்றவரைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. கேட்டவர்களை நோக்கியே திரும்பினார். சுரங்கத்தில் கூலிக்கு நிற்பவன் தோண்டுகிறான். உலகமெல்லாம் வாங்கி எரிக்கிறது.

அதற்காக, எல்லாரும் சமமான பாவிகள் என்று பொதுப் பாவசங்கீர்த்தனம் நடத்திவிடவும் முடியாது. ஒரு கனடா நாட்டவருக்குச் சராசரியாக வரும் புகை, ஓர் இந்தியருக்கு வருவதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் வடக்கு நாடுகள் தெற்கு நாடுகளுக்குப் பட்டிருக்கும் சூழலியல் கடனைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஃபோர்ட் சிபெவயானைப் பார்த்தபிறகு எனக்குத் தோன்றுவது, அந்த வடக்கு நாட்டுக்குள்ளேயே ஒரு தெற்கு இருக்கிறது. நம் ஊருக்குள்ளும் வீட்டுக்கு இரண்டு ஏ.சி. ஓடும் தெருவும் இருக்கிறது, மின்விசிறிகூட இல்லாத குடிசையும் இருக்கிறது.

செப்டம்பர் 1, படைப்பைப் பேணுவதற்கான உலக செப நாள். அன்றைய திருப்பலியின் நம்பிக்கையாளர் மன்றாட்டில், வடபுலக் காடுகளில் வாழும் மக்களுக்காகவும், அங்கே தீயோடு போராடுவோருக்காகவும் ஒரு மன்றாட்டைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று: நம் ஆலயத் திருவிழாவின் பத்து நாளும் தேர்பவனிக்கும் சீரியல் விளக்குக்கும் ஜெனரேட்டர் எத்தனை லிட்டர் டீசல் குடிக்கிறது என்று நம் இளையோர் இயக்கத்தினர் ரசீதுகளைத் தேடி எடுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கணக்கு வந்ததும் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். திருவிழாக் கமிட்டியினர் கோபப்படாமல் வந்து படித்துப் பார்க்கவும்.