பொறி எழுதும் குறிப்பேடு



கதிர்காமத்தில் வாழ்வோருக்கு மருத்துவமனை வரிசை புதிதன்று. இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி இங்கேயே உள்ளது. கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. இந்நாளில் பெரிய மருத்துவமனைகளில் நோயாளியின் விவரங்களைச் சேமித்து, கேட்ட மேசைக்கெல்லாம் வழங்குவது சர்வர் என்னும் கணிப்பொறியே. அது நின்றால் வரிசையும் நிற்கும். நிற்பதற்கு முன் அது ஏதேனும் சொல்லுமா?

சொல்லும். சர்வரின் தாய்ப்பலகையில் சிறியதொரு கண்காணிப்புச் சில்லு உண்டு. சர்வரை அணைத்த பின்னரும், மின்கம்பி செருகியிருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பம், விசிறியின் வேகம், மின்னழுத்தம் ஆகியவற்றை அளந்து, வரம்பு மீறியபோதெல்லாம் நாளும் நேரமும் இட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும். இதற்கான பொது விதிமுறை 1998-இல் வகுக்கப்பட்டது.

அக்குறிப்புகளுள் பலரும் புறக்கணிப்பது, 'நினைவகப் பிழை திருத்தப்பட்டது' என்பது. திருத்தியாயிற்றே, பிறகென்ன என்று தோன்றும். எவ்வாறு திருத்துகிறது என்று பாருங்கள். மதிப்பெண் பதிவேட்டில் ஒவ்வொரு மாணவனுக்கும் குறுக்கே ஒரு கூட்டுத்தொகை, ஒவ்வொரு பாடத்துக்கும் நெடுக்கே ஒரு கூட்டுத்தொகை இடுகிறோம். பின்னர் ஒரே ஓர் எண் மாறிப்போனால், குறுக்கில் ஒன்றும் நெடுக்கில் ஒன்றும் ஒவ்வாமல் நிற்கும். இரண்டும் சந்திக்கும் கட்டமே பிழையின் இருப்பிடம். ஏறக்குறைய இத்தகைய வழியையே பெல் ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்டு ஹாமிங் 1950-இல் வெளியிட்டார். வார இறுதியில் அவர் விட்டுச் சென்ற கணக்கை, பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிடுமாம். பிழை உண்டென்று அறியும் பொறி அதன் இடத்தை ஏன் அறியலாகாது என்று அவருக்கு எரிச்சல். பயனுள்ள எரிச்சல்!

ஆனால் ஓரிடத்தில் இரண்டு பிழைகள் சேர்ந்துவிட்டால், வழக்கமான முறை அவற்றைக் கண்டு சொல்லுமேயன்றித் திருத்தாது. தவறான விடை தருவதினும் நிற்பதே மேலென்று சர்வர் பெரும்பாலும் நின்றுவிடும். கூகுள் நிறுவனத்தின் சர்வர்களைப் பற்றி 2009-இல் வெளிவந்த ஆய்வின்படி, ஓராண்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பொறிகளில் திருத்தத்தக்க பிழை தோன்றியது. திருத்தவியலாத பிழைகளுள் பெரும்பாலானவற்றுக்கு முன்பு, அதே மாதத்திலோ முந்தின மாதத்திலோ, திருத்தப்பட்ட பிழை வந்திருந்தது. ஆகவே ஒருமுறை வந்தால் குறித்துக்கொள்க. அதே நினைவகத் தகட்டில் மீண்டும் மீண்டும் வந்தால், மருத்துவமனை ஓய்ந்திருக்கும் வேளை பார்த்துத் தகட்டை மாற்றுக.

இனி, குறிப்புகளைப் படிக்கும் வரிசை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையைக் கடந்ததை அறிவீர்கள். அத்தகைய நாளொன்றில் மின்சாரம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். யூ.பி.எஸ். சர்வரைத் தாங்கும், அறையின் குளிர்சாதனத்தைப் பல இடங்களில் தாங்காது. முதலில் மின்வரவு நின்றதென்று ஒரு குறிப்பு. பிறகு வெப்பம் ஏறிய குறிப்பு. கடைசியில் டிஸ்க் பழுதென்று ஒரு குறிப்பு. கடைசியை மட்டும் படித்தவர் டிஸ்கை மாற்றிவிட்டு வீடு திரும்புவார். அறை கொதித்துக்கொண்டே இருக்கும். முதல் குறிப்பிலிருந்து தொடங்கிப் படிப்பவருக்கே காரணம் புலப்படும். அதற்குப் பொறியின் கடிகாரம் சரியாக இருக்கவேண்டும். தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு பாட்டரி தீர்ந்துபோனால் நேரம் பிறழ்ந்து, எது முந்தியது, எது பிந்தியது என்பதே தெரியாமற்போகலாம்.

குறிப்பேடு நிரம்பியபின் புதிய குறிப்பை ஏற்காத பொறிகளும் உள. எனவே அவ்வப்போது அதை அழிக்கத்தான் வேண்டும். ஆனால் படியெடுத்து வேறிடத்தில் வைத்த பிறகே.