நிறுத்திய வண்டியைத் தள்ளிப் பார்த்து வாங்குங்கள்
(நம் குடியிருப்பின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புது பைக் வாங்கப் போகிறவர்களுக்காக ஐந்து நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஏன் என்னைக் கேட்டார் என்று உங்களில் பலருக்குத் தெரியும். போன மழையில் நம் பேஸ்மென்ட் சரிவில் வண்டியோடு சாய்ந்தவன் நான்தான். அப்போது எஞ்சின்கூட ஓடவில்லை. வண்டியைப் பின்னால் தள்ளும்போது கால் வழுக்கியது. அந்தக் கனத்தை என்னால் தாங்க முடியவில்லை. கணுக்காலில் மூன்று வாரம் கட்டு. பக்கத்தில் குழந்தைகள் யாரும் நிற்கவில்லை என்பதுதான் ஆறுதல்.

நாம் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை சிசி, மைலேஜ் என்ன?" என்றுதான். எடையைக் கேட்பதில்லை. ஹீரோ ஸ்ப்ளெண்டர் சுமார் 112 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. ஓர் ஆளின் எடை அளவுக்கு வித்தியாசம்! ஓடும்போது இது தெரியாது. பார்க்கிங்கில் திருப்பும்போதும், சிக்னலில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கும்போதும்தான் தெரியும்.

எடை மட்டும் பார்த்தால் போதாது, இருக்கை உயரமும் முக்கியம். பஜாஜ் அவெஞ்சர் 220, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 இரண்டும் ஏறக்குறைய 160 கிலோதான். ஆனால் அவெஞ்சரின் இருக்கை உயரம் 737 மி.மீ., எக்ஸ்பல்ஸில் 825 மி.மீ. குள்ளமானவருக்கு இரண்டாவதில் நுனிக்கால்தான் எட்டும். நுனிக்காலில் நின்றுகொண்டு சாயும் வண்டியைத் தாங்க முடியாது.

ஷோரூமில் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. வழக்கமாகப் போடும் செருப்பு அல்லது ஷூவோடு உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிகின்றனவா?

2. எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்கி நின்று பத்தடி முன்னும் பின்னும் தள்ளுங்கள். சிறு மேடு இருந்தால் அதிலும் தள்ளுங்கள்.

3. சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் நீங்களே போட்டு எடுங்கள். விற்பனையாளர் உதவிக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் அவர் இருக்க மாட்டார்.

4. டெஸ்ட் ரைடில் வேகத்தைப் பார்க்க வேண்டாம். மெதுவாக ஒரு யூ-டர்ன் போடுங்கள்.

ஷோரூம் வண்டியில் பெட்ரோல் அதிகம் இருக்காது. 13 லிட்டர் டேங்கை நிரப்பினால் மேலும் பத்து கிலோ கூடும், அதுவும் மேல்பகுதியில்.

அலுவலகம், மார்க்கெட், பள்ளி என்று ஊருக்குள் ஓட்ட 100 முதல் 125 சிசி தாராளம். அடிக்கடி இருவராக நெடுஞ்சாலையில் போகிறவர்கள் 150, 160 சிசி பார்க்கலாம். அதற்கு மேல் ஆசை இருந்தால் தவறில்லை. மேலே சொன்ன நான்கிலும் தேறிய பிறகு வாங்குங்கள்.

என் பழைய வண்டியை விற்றுவிட்டேன். இப்போது 125 சிசி. அதே சரிவில் தினமும் யார் உதவியும் இல்லாமல் தள்ளி ஏற்றுகிறேன். வாங்கும் முன் யாராவது ஓட்டி, தள்ளிப் பார்க்க விரும்பினால் ஞாயிறு காலை பார்க்கிங்கிற்கு வாருங்கள், சாவி தருகிறேன்.