வழிவிடும் பாலம்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மில் பலர் துபாயில் பொருளீட்டியவர்கள். நம் பிள்ளைகள் இன்றும் அங்கு உழைத்து வருகின்றனர். தேரா, பர்துபாய் என்னும் பெயர்களை அறியாத வீடு நம் மஹல்லாவில் அரிது. அவ்விரு பகுதிகளையும் பிரித்துக் கிடப்பது ஒரு கடற்கழி.

முற்காலத்தில் அதைக் கடக்க அப்ரா எனும் சிறு படகே துணை. வாகனத்தில் செல்வோர் கழியின் முடிவிலுள்ள ராஸ் அல் கோரைச் சுற்றிவர வேண்டும். ஷேக் ராஷித் பின் சயீத் அவர்களின் ஆட்சியில், 1963 ஆம் ஆண்டு மக்தூம் பாலம் திறக்கப்பட்டது. கழியின் மீது அமைந்த முதற்பாலம் அதுவே. 1973 வரை அதில் சுங்கம் வசூலிக்கப்பட்டது.

பாலம் கட்டியோர் முன் ஒரு சிக்கல் நின்றது. துபாய் வாணிபத்தின் உயிர்நாடியே அக்கழிதான். மணல் தூர்ந்து கலங்கள் நுழைய இயலாதிருந்ததால், 1950களின் இறுதியில்தான் குவைத்திடம் கடன் பெற்று அதை ஆழப்படுத்தத் தொடங்கினர். தாழ்வான பாலத்தைக் குறுக்கே போட்டால், உயர்ந்த பாய்மரக் கலங்கள் உட்பகுதிக்குச் செல்ல இயலாது. மிக உயர்த்தினால் செலவு பெருகும், அணுகுசாலை நீளும். எனவே ஒரு பகுதியை மட்டும் திறந்து மூடும்படி அமைத்தனர். வாகனங்கள் குறைந்த இரவு நேரம் கலங்களுக்கென ஒதுக்கப்பட்டது. சாலையில் செல்வோர் சற்றுக் காத்திருந்தனர். கடலோடிகளின் பிழைப்பு அடைபடவில்லை.

பின்னர் 1975 இல் ஷிந்தகா சுரங்கப்பாதையும், 1976 இல் கர்ஹூத் பாலமும் வந்தன. 2022 இல் திறக்கப்பட்ட இன்ஃபினிட்டி பாலமோ நீர்மட்டத்திலிருந்து சுமார் 15 மீட்டர் உயரத்தில் நிற்கிறது; திறந்து மூடும் தேவையின்றியே கலங்கள் கடக்கின்றன. இத்தனை வழிகள் வந்த பின்னும், ஒரு திர்ஹம் கட்டணத்தில் அப்ராக்கள் ஓடுகின்றன. கார் இல்லாத தொழிலாளிக்கு அதுவே எளிய வழி.

அன்பர்களே! நாமும் ஊருக்குப் பல திட்டங்களைத் தீட்டுகிறோம். கடைத்தெருவை அகலப்படுத்துவதாயினும், பாதையில் வாயிற்கதவு அமைப்பதாயினும், அதனால் யாருடைய வழி அடைபடுகிறது என்பதை முதலில் கேட்போம். அடைபடுமாயின், அவருக்கும் திறக்கும் ஒரு பகுதியைத் திட்டத்திலேயே வைப்போம். கட்டி முடித்த பின் இடித்துத் திறப்பது எளிதன்று.