சுவரில் எழுதிய பெயர்கள்

(கல்லறைத் திருநாளையொட்டி வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் பிறந்துவிட்டால் பங்கு அலுவலகத்தில் கூட்டம் நிற்கும். இறந்துபோனவர்களுக்காகப் பூசைக் கருத்து எழுத வருவார்கள். ஒருமுறை அப்படி ஓர் இளைஞர் வந்தார்.

"எங்க ஆத்தாவுக்கு ஒரு பூசை வைக்கணும் சாமி."

"ஆத்தா பேர் என்ன தம்பி?"

அவர் விழித்தார். "ஆத்தான்னுதான் சாமி கூப்பிடுவோம்" என்றார். வெளியே போய் அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மாவுக்கும் சந்தேகம். அம்மா தன் நாத்தனாரைக் கேட்டுச் சொன்னார். கடைசியில் பெயர் கிடைத்தது. நான் எழுதப் போனபோது, "குடுங்க சாமி, நானே எழுதுறேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஆத்தாதான் அவரைத் தூக்கி வளர்த்தவராம்.

அவர் போனபின் எனக்கு வேறு சிலர் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் இறந்தவர்களின் பெயரை எழுதியவர்கள்தாம். அதுவும் இதே கல்லறைத் திருநாளையொட்டி எழுதினார்கள். ஆனால் எழுதிய இடம் கல்லறைத் தோட்டம் அல்ல. அமெரிக்காவில், சிகாகோ நகரில், ஒரு விளையாட்டு அரங்கின் செங்கல் சுவர். எழுதியவர்கள் ஒரு பேஸ்பால் அணியின் ரசிகர்கள். 'மறையுரையில் விளையாட்டுக்கு என்ன வேலை?' என்று நினைக்காமல் சற்றுக் கேளுங்கள்.

பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. மட்டை உண்டு, பந்து உண்டு, பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆட வேண்டும். ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். எவ்வளவு பெரிய அணியானாலும் நாற்பது, ஐம்பது ஆட்டமாவது தோற்றுத்தான் ஆகும். ஆகவே பேஸ்பால் ரசிகர் என்றால் தோல்வியோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தவர் என்று பொருள்.

அந்தக் கலையில் உலகத்துக்கே பாடம் சொன்னவர்கள் சிகாகோ கப்ஸ் அணியின் ரசிகர்கள். அந்த அணி 1908-இல் உலகத் தொடர் பட்டத்தை வென்றது. அதற்குப்பின் இரண்டு உலகப் போர்கள் வந்து போயின. மனிதன் நிலவில் கால் வைத்தான். பட்டம் மட்டும் திரும்பி வரவில்லை. 1945-க்குப் பிறகு இறுதித் தொடரை எட்டிப் பார்க்கக்கூட முடியவில்லை. 1962-இல் 103 ஆட்டங்களில் தோற்றார்கள். 1966-இல் மறுபடியும் அதே 103 தோல்வி.

அவர்களுடைய மைதானத்துக்கு ரிக்லி ஃபீல்டு என்று பெயர். 1914-இல் கட்டியது. அங்கே ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் பலகையின் உச்சியில் ஒரு கொடி ஏற்றுவார்கள். வென்றால் வெள்ளைக் கொடி, தோற்றால் நீலக் கொடி. மைதானத்தை ஒட்டி ஓடும் மேம்பால ரயிலில் வேலை முடிந்து போகிறவர்கள் அந்தக் கொடியைப் பார்த்துச் செய்தி தெரிந்துகொள்வார்கள். தோற்ற அன்று கொடி இல்லை என்று விட்டுவிடவில்லை பாருங்கள். தோல்வியையும் ஊரறியச் சொன்னார்கள். மறுநாள் திரும்பவும் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் பலர் கையில் ஓர் அட்டையும் பென்சிலும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பந்தடிக்கும் என்ன நடந்தது என்று கட்டம் போட்ட அந்த அட்டையில் குறிப்பார்கள். எழுது என்று யாரும் சொல்லவில்லை. சம்பளமும் கிடையாது. அப்பா பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்; பிள்ளை பேரனுக்குச் சொல்லிக் கொடுப்பான்.

அமெரிக்கா முழுவதும் இப்படி எழுதிய ஏடுகள் பரணிலும் பெட்டியிலும் கிடந்தன. டெலவேர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் கற்பித்த டேவிட் ஸ்மித் என்ற பேராசிரியர் 1989-இல் ரெட்ரோஷீட் என்ற அமைப்பைத் தொடங்கினார். பழைய ஆட்டங்களின் குறிப்புகளை அணிகளிடமும் பத்திரிகையாளர்களிடமும் ரசிகர்களிடமும் கேட்டுத் திரட்டினார்கள். ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழை திருத்தி, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தந்தார்கள். வேலை செய்தவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள். என்றோ ஒரு நாள், தோற்றுப்போன ஓர் அணிக்காக, பெயர் மறந்துபோன ஒருவர் ஓடி எடுத்த ஒற்றை ஓட்டமும் தொலைந்துவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

இப்படிப்பட்டவர்களை நமக்கும் தெரியும். மழையோ வெயிலோ காலை ஐந்தரைக்குக் கோயில் மணி அடிப்பவர், பீடத்துப் பூச்சாடியில் தண்ணீர் மாற்றுபவர், பழுப்பேறிய திருமுழுக்குப் பதிவேட்டுக்கு அட்டை போட்டு வைக்கிற உபதேசியார். இவர்களுக்கு யாரும் மாலை போடுவதில்லை. ஆனால் இவர்கள் இல்லாவிட்டால் நாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதே மறந்துபோகும்.

நேயர்களே, அன்பு இருக்கிற இடத்தில் சோதனையும் வரும். சிகாகோ ரசிகர்களுக்கும் வந்தது. 2003 அக்டோபர் 14. இன்னும் ஐந்து பேரை வெளியேற்றினால் போதும், கப்ஸ் இறுதித் தொடருக்குப் போய்விடும். 3-0 என்று முன்னிலை. அப்போது எதிரணி அடித்த ஒரு பந்து, எல்லைக் கோட்டுக்கு வெளியே, பார்வையாளர் வரிசையின் ஓரமாக இறங்கியது. முன்வரிசையில் இருந்த பலர் கை நீட்டினார்கள். அவர்களில் ஒருவர் கையில் பந்து பட்டது. பிடிக்கத் தாவிய கப்ஸ் வீரருக்குப் பந்து கிடைக்காமல் போயிற்று.

அந்த இன்னிங்ஸில் எதிரணி எட்டு ஓட்டங்கள் எடுத்தது. ஆட்டமும் போயிற்று. மறுநாள் ஆட்டமும் போயிற்று. கூட்டத்தின் கோபம் முழுவதும் அந்த ஒரு ரசிகர்மேல் திரும்பியது. அவரும் சின்ன வயதிலிருந்து அதே அணியை நேசித்தவர்தான். அவர்மேல் பீரை ஊற்றினார்கள், வசைபாடினார்கள். காவலர்கள் அவரை வெளியே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அவர் வீட்டுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். மனம் நொந்து மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். பிறகு பொதுவில் தலைகாட்டவே இல்லை.

இப்போது அந்த ஆட்டத்தின் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அந்தப் பந்துக்குப் பின் என்னென்ன நடந்தது என்று வரிசையாக இருக்கும். பந்து வீசியவர் ஒருவரைச் சும்மா முதல் தளத்துக்கு நடக்கவிட்டார். இன்னொருவர் நன்றாக அடித்தார். கைக்கு வந்த பந்தைக் கப்ஸ் தடுப்பாட்டக்காரர் ஒருவர் தவறவிட்டார். அது பிழை என்றே பதிவாகியிருக்கிறது. பிறகும் அடிமேல் அடி. பல பேருடைய தவறும், எதிரணியின் திறமையும் சேர்ந்த தோல்வி அது. அந்தப் பிழைக் கணக்கில் அந்த ரசிகர் இல்லை. கூட்டத்தின் நினைவு ஒரு மனிதரைப் பலியிட்டது. பென்சில் பிடித்து எழுதியவரின் ஏடு அவரை விட்டுவைத்தது.

உண்மையை உள்ளபடி எழுதி வைப்பதும் ஓர் இரக்கச் செயல் என்பதை நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நம் குடும்பங்களிலும் இந்தக் கூட்டத்தின் நினைவு உண்டு. "அவனால்தான் நம்ம குடும்பம் இப்படி ஆச்சு", "அவ கால் வெச்ச நேரம்" என்று இருபது வருடமாக ஒரே ஆளைச் சொல்லிக்கொண்டிருப்போம். நிலம் போனதற்கு, தொழில் நொடித்ததற்கு, அப்பா படுக்கையில் விழுந்ததற்கு எல்லாவற்றுக்கும் அந்த ஒருவர்தான் காரணம். நிதானமாக உட்கார்ந்து ஏட்டைப் புரட்டினால் நம்முடைய பிழையும் அதில் இருக்கும். பல நேரம் அதிகமாகவே இருக்கும். கூட்டம் ஒருவரைச் சுட்டிக்காட்டி 'ஒழியட்டும்' என்று கத்தினால் என்ன நடக்கும் என்பது சிலுவையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாததா?

இனி அந்தச் சுவருக்கு வருவோம். 2016-இல் கப்ஸ் 103 ஆட்டங்களில் வென்றது. 1962-இல் எத்தனை தோற்றார்களோ அத்தனை வெற்றி. இறுதித் தொடருக்கும் வந்துவிட்டார்கள். அந்த நாள்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் யாரோ ஒருவர் சுண்ணக்கட்டியால் ஒரு பெயரை எழுதினார். அடுத்தவர் எழுதினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீளச் சுவர் முழுவதும் பெயர்கள் நிறைந்துவிட்டன. அவற்றில் நிறையப் பெயர்கள் இறந்துபோனவர்களுடையவை. தாத்தா, அப்பா, அம்மா, அண்ணன். பிறந்தது முதல் கண் மூடும்வரை காத்திருந்து, ஒரு பட்டத்தையும் பார்க்காமல் போனவர்கள். கைக்கு எட்டாத குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்து எழுத வைத்தார்கள்.

சிகாகோவில் ஸ்டீவ் குட்மேன் என்று ஒரு பாடகர் இருந்தார். கப்ஸ் அணியின் தீராத ரசிகர். இரத்தப் புற்றுநோயால் 1984 செப்டம்பர் 20 அன்று 36 வயதில் இறந்தார். நான்கே நாள் கழித்து, 1945-க்குப் பின் முதல்முறையாக, கப்ஸ் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் இன்றும் அந்த அணி தன் மைதானத்தில் வென்றால், கூட்டம் எழுந்து நின்று பாடுவது அவர் எழுதிய பாட்டைத்தான். மோசேயும் மலைமேல் நின்று பார்த்ததோடு சரி, வாக்களித்த நாட்டுக்குள் நுழையவில்லை அல்லவா?

இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம் கிளீவ்லாந்து நகரில் நடந்தது. தேதி நவம்பர் 2. நாம் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போகிற அதே நாள். ஒரு மகன் நெடுந்தூரம் தனியே கார் ஓட்டிக்கொண்டு தன் தந்தையின் கல்லறைக்குப் போனார். கப்ஸ் இறுதித் தொடருக்கு வந்தால் சேர்ந்து கேட்போம் என்று தந்தைக்கும் மகனுக்கும் ஒரு பேச்சு. கல்லறைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இருட்டில் வானொலியில் அந்த ஆட்டத்தைக் கேட்டார். வானொலியில் பேசுகிற எனக்கு இதைச் சொல்லும்போது நெஞ்சு நெகிழ்கிறது.

ஆட்டம் சமமாகி, மழையால் நின்று, மறுபடி தொடங்கி, பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் வென்றது. சிகாகோ கடிகாரத்தில் நள்ளிரவுக்குச் சற்று முன். நவம்பர் 2 இன்னும் முடியவில்லை. 108 ஆண்டுக் காத்திருப்பு இறந்தவர்களின் நாளில் முடிந்தது.

அன்று தோற்ற கிளீவ்லாந்து ரசிகர்களையும் நினைப்போம். அவர்கள் 1948 முதல் காத்திருப்பவர்கள். அன்றிரவு கண்ணீரோடு வீட்டுக்குப் போய், அடுத்த பருவத்தில் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள். அவர்களும் இதே அன்பின் பிள்ளைகள்தாம்.

அடுத்த கோடையில் இன்னொன்று நடந்தது. 2003-இல் எல்லாரும் விரட்டிய அந்த ரசிகருக்குக் கப்ஸ் நிர்வாகம் வெற்றி மோதிரம் ஒன்றை வழங்கியது. வீரர்கள் அணிகிற அதே மோதிரம். பதினான்கு ஆண்டுகள் கழித்தாவது 'நீயும் எங்களவன்' என்று சொன்னார்கள். விரலுக்கு மோதிரம் போட்டுக் கூப்பிட்ட ஒரு தந்தையின் கதை உங்களுக்கும் நினைவு வந்திருக்கும். பட்டத்தைவிட இதைத்தான் நான் பெரிய வெற்றி என்பேன்.

சகோதர சகோதரிகளே, சுண்ணக்கட்டி எழுத்து மழைக்கு நிற்காது. அது எழுதியவர்களுக்கும் தெரியும். ஆனால் அன்போடு ஒருவர் பெயரை எழுதுகிற கை, அந்த நேரத்தில் கடவுள் செய்கிற வேலையைச் செய்கிறது. அவர் நம்மை வெற்றிக் கணக்கைப் பார்த்து நேசிக்கவில்லை. நம் பெயரைச் சொல்லி அழைக்கிறார்.

இந்த வாரம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். பிள்ளைகளைக் கூட உட்காரவைத்துத் தாத்தா, பாட்டி, அவர்களுடைய அப்பா அம்மா பெயர்களை எழுதுங்கள். தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். எழுதும்போது, நீங்கள் பழி சுமத்தி ஒதுக்கி வைத்த உறவு யாராவது இருந்தால், அவர் பெயரையும் விட்டுவிடாமல் எழுதுங்கள். முடிந்தால் அன்று மாலையே அவருக்கு ஒரு போன் செய்யுங்கள்.

செபிப்போம். இரக்கமுள்ள ஆண்டவரே, காத்திருந்து காத்திருந்து, எதையும் காணாமல் கண் மூடிய எங்கள் முன்னோர்களை உமது ஒளியில் சேர்த்தருளும். தோல்வி நாளிலும் கைவிடாத அன்பை எங்களுக்குத் தாரும். ஒருவரையும் பலியாக்காத நேர்மையான நினைவைத் தாரும். ஆமென்.