முதல் மணிக் கோவை

மணியில் நகை செய்யத் தொடங்குகிறவர்கள் பலர் ஆசையாகப் பொடி மணியை வாங்கிவிடுவார்கள். இப்போதைக்கு அது வேண்டாம். பொடி மணிகளில் எண் கூடக் கூட மணி சிறுக்கும்: 11 என்றால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர், 8 என்றால் 3. முதல் கைவளைக்கு 6 மில்லிமீட்டர் மணியும் எலாஸ்டிக் நூலும் போதும், ஊசிகூட வேண்டியதில்லை. கோப்பதற்கு முன் நூலை நன்றாக இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வளை சீக்கிரமே தொளதொளத்துவிடும். மணிகளைத் துண்டின்மேல் பரப்பினால் உருண்டோடாது. முடிச்சுப் போடும்போது நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். மணி வேலை நமக்குப் புதிதல்ல: புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். எவ்வளவு அருமையான கைத்தொழில்! நீங்களும் கோத்துப் பாருங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மணி டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள்.